கலர் கொஞ்சம் கம்மிங்க

மெர்சி, அமல், இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து இதைப் படியுங்கள். தனித்தனியாகப் படித்தால் ஆளுக்கு ஒரு அர்த்தம் எடுத்துக்கொண்டு என்னிடம் பஞ்சாயத்துக்கு வருவீர்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அமல் கேட்டான். "அப்பா, அடுத்த வாரம் மால்ல புதுப் போனுக்கு டெமோ. மேடையில நின்னு நாந்தான் பேசோணும். கேமரா கவுன்டர மூடற வரைக்கும் நீங்க இதே வேலதான பண்ணுனீங்க. கூட்டத்த எப்படிப் புடிக்கறதுன்னு ஒண்ணு சொல்லிக் குடுங்க."

மெர்சி தட்டிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அமலுக்கு இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினாள். நான் பேச்சை மாற்ற, ரசத்தில் உப்பு கம்மி என்றேன். உப்பு சரியாகத்தான் இருந்தது. உங்கள் அம்மா அன்றைக்கு முழுக்க எனக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அமல், உனக்கு அந்த விஷயம் தெரியாது. நீ அப்போது ஹாஸ்டலில் இருந்தாய். மெர்சிக்குத் தெரியும், அவளை வைத்துத்தான் நடந்தது. மேடையில், விளக்கு வெளிச்சத்தில், மண்டபம் நிறைய ஆள் பார்க்க நடந்தது. ஆகவே ரகசியம் ஒன்றுமில்லை. ஆனாலும் நம் வீட்டில் யாரும் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. இப்போது நீங்கள் இரண்டு பேரும் படத் தொழிலுக்கே வந்து சேர்ந்துவிட்டீர்கள். ஒருத்தன் போன் விற்கிறான், ஜனங்கள் கேமராவைப் பார்த்துத்தான் போனே வாங்குகிறார்கள். ஒருத்தி திருப்பூரில் ஆன்லைன் கம்பெனிகளுக்குத் துணிமணிகளைப் படம் எடுத்துக் கொடுக்கிறாள். எனக்குப் பின்னால் இந்தத் தொழிலுக்கு வந்தவர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். அப்பா என்கிற முறையில் எழுத வெட்கமாக இருக்கிறது.

நான் ஐடிஐ முடித்துவிட்டு காந்திபுரத்தில் ஒரு கேமரா கம்பெனியின் விற்பனைக் கவுன்டரில் சேர்ந்தபோது என் வேலை லென்ஸில் பிடித்த பூஞ்சையைத் துடைப்பது. வெளிநாட்டுக் கம்பெனி. அந்தக் கம்பெனி கேமராவை வாங்குகிற ஸ்டுடியோக்காரர் பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் சுற்றித்தான் பெட்டியைத் திறப்பார். மகன் தலையெடுத்ததும் கடைச் சாவியோடு அந்தக் கேமராவையும் கொடுப்பார். ஃபிலிம் இருந்த வரைக்கும் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை.

டிஜிட்டல் வந்ததும் எல்லாம் தலைகீழாகிவிட்டது. நேற்று வாங்கிய கேமரா இன்றைக்குப் பழசு. மற்ற கம்பெனிகள் தீபாவளிக்குத் தீபாவளி புது மாடல் இறக்கின. எங்கள் கம்பெனி, முழுசாகச் சரியானால்தான் வெளியே விடுவோம் என்று உட்கார்ந்திருந்தது. விலையும் மற்றவர்களைவிட ரொம்ப அதிகம். அப்புறம் போன் வந்தது. "என்ற பொண்ணு போன்லயே இதவிட நல்லா எடுக்கறாளுங்க" என்று கஸ்டமர்கள் எங்கள் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

கடைசியில் எங்களுக்கு மிச்சமிருந்த பெருமை ஒன்றே ஒன்றுதான். நிறம். கண்ணுக்கு எப்படித் தெரிகிறதோ அப்படியே படத்திலும் வரும். அந்த ஒரு விஷயத்தில் எங்களை அடிக்க அப்போது ஆள் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் மேலிடத்திலிருந்து தகவல் வந்தது. இந்தக் கல்யாண சீசனில் கொங்கு நாட்டு ஸ்டுடியோக்காரர்கள் வாங்கினால் கோயமுத்தூர் கவுன்டர் இருக்கும், இல்லாவிட்டால் மூடிவிடுவார்கள். கவுன்டரில் நாங்கள் நான்கு பேர். எனக்கு அந்த வயதில் வேறு எங்கே வேலை கிடைக்கும்? மற்ற மூவருக்கும் குழந்தைகள் பள்ளிக்கூடத்தில். கம்பெனியின் வெளிநாட்டு இஞ்சினியர் ஒருவர் நேரில் வருவார், அவிநாசி ரோட்டில் ஒரு மண்டபம் பிடித்து டெமோ வைக்க வேண்டும், நம் ஊர்க்காரர்களுக்கு என்ன வேண்டுமென்று அவர் கேட்டுக்கொண்டு போய் மேலே சொல்வார் என்றார்கள். டெமோ பொறுப்பு என்னுடையது.

மணப்பெண்ணாக உட்கார ஏஜென்சி மூலமாக ஒரு மாடல் பெண்ணை ஏற்பாடு செய்திருந்தேன். டெமோ அன்றைக்குக் காலையில் அந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல் என்று போன் வந்தது. மெர்சி காலேஜுக்குக் கிளம்பி நின்றாள். "அப்பாவுக்காக ஒரு நாள் வா கண்ணு" என்றேன். அம்மாவின் கல்யாணப் பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டில் நகை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தாள். மண்டபத்துப் படியேறும்போது, "நல்லா இருக்கறனாப்பா?" என்று கேட்டாள். "உனக்கென்ன கண்ணு" என்றேன். பொய் இல்லை. என் நிறம்தான் அவளுக்கு. அந்த மாம்பழ மஞ்சள் பட்டில் என் கண்ணே பட்டுவிடும்போல இருந்தாள். இஞ்சினியரிடம் "மை டாட்டர் சார்" என்று பெருமையாகக் காட்டினேன். அவர் எழுந்து நின்று கைகூப்பினார்.

வாசலில் ஒரு அம்மா காத்திருந்தார். பவானிக்காரர், ஜமக்காள வியாபாரம். பையிலிருந்து ஒரு சிறிய ஜமக்காளத்தை எடுத்து விரித்தார். நல்ல சிவப்பு, ஓரத்தில் பச்சைக் கோடு.

"ஏனுங்க, இத ஆன்லைன்ல விக்கறமுங்க. போன்ல எடுத்தா செவப்பு ஆரஞ்சாட்டம் வருதுங்க. வாங்குனவங்க படத்துல ஒரு நெறம், கையில ஒரு நெறம்னு திருப்பி அனுப்பிப்போடறாங்க. உங்க கேமராவுல நெறம் நெறமாவே வருமுங்களா?"

"அதுக்குன்னே செஞ்ச கேமராங்க அம்மணி. முன்னால உக்காருங்க, கடைசியில உங்க ஜமக்காளத்தையும் எடுத்துக் காட்டறேன்."

அப்போது மெர்சி, "அப்பா, இந்தப் பின்னு குத்துது" என்று கூப்பிட்டாள். நான் போய்ச் சரிசெய்தேன். அந்த அம்மா பார்த்துச் சிரித்தார். அவருக்கு மெர்சி யார் என்பது தெரியும். இஞ்சினியருக்கும் தெரியும். மற்றவர்களுக்குத் தெரியாது.

ஸ்டுடியோக்காரர்கள் வந்து நிறைந்தார்கள். உடுமலை, பொள்ளாச்சி, ஈரோடு என்று எல்லாப் பக்கமும். அவர்களுக்கெல்லாம் பெரியவர் போல ஒருவர், அவிநாசிக்காரர். எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் எதை வாங்குகிறாரோ அதைத்தான் மற்றவர்களும் வாங்குவார்கள்.

இஞ்சினியர் மெர்சியைப் படம் எடுத்தார். பின்னால் பெரிய திரையில் வந்தது.

நான் அந்தத் தொழிலில் பார்த்த நல்ல படங்களில் அது ஒன்று. பட்டு பட்டாகவே இருந்தது. நகையில் ஒவ்வொரு கல்லும் தெரிந்தது. என் மகள் அப்படியே இருந்தாள். இஞ்சினியர் திரையைப் பார்த்தார், மெர்சியைப் பார்த்தார், தலையை ஆட்டினார். இரண்டும் அச்சு அசலாக ஒத்துப்போகிறது என்று அர்த்தம்.

மண்டபத்தில் ஒருவரும் கை தட்டவில்லை.

அண்ணன்தான் முதலில் வாய் திறந்தார். நம் ஊர் மரியாதை எங்கே போகும்? "படம் பிரமாதமுங்க. அதுல ஒண்ணும் சொல்றதுக்கில்லீங்க. கலர்தான் கொஞ்சம் கம்மிங்க."

பின்னால் இருந்து ஒருத்தர், "ஆமாங்க, கலர் பத்தலீங்க" என்றார். நாலைந்து தலைகள் ஆடின.

இஞ்சினியர் என் பக்கம் திரும்பி என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார்.

நம் ஊரில் பெண் நல்ல கலர் என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். அந்த மனிதருக்கு எப்படித் தெரியும்? எங்கள் ஜனங்களுக்குப் பெண்ணின் முகம் உள்ளபடி இருந்தால் போதாது, வெள்ளையாக இருக்க வேண்டும் என்று அவரிடம் சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. அதுவும் என் மகளை உட்கார வைத்துக்கொண்டு. "கலர் லிட்டில் லெஸ் சார்" என்று மட்டும் சொன்னேன்.

அவர் சொன்ன வார்த்தையை நம்பினார். கேமராவில் எதையோ திருகி நிறத்தைக் கூட்டினார். அடுத்த படம் திரையில் வந்தது. பட்டு தீயாக எரிந்தது. மெர்சியின் முகம் செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டது.

"ஏனுங்க, புள்ளைக்குக் காய்ச்சலுங்களா?"

"காய்ச்சல் இல்லீங்க, அடுப்புல இருந்து நேரா எந்திரிச்சு வந்துட்டாப்பல இருக்குது!"

மண்டபமே சிரித்தது. இஞ்சினியரும் என்னவென்று தெரியாமல் கூடவே சிரித்தார். மெர்சிக்கு எல்லாம் புரிந்தது. நேராக உட்கார்ந்து மடியில் இருந்த மாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது அண்ணன் என்னைப் பார்த்து, கேலியாகக்கூட இல்லை, ஒரு தொழில்காரர் இன்னொரு தொழில்காரரைக் கேட்கிற மாதிரி கேட்டார். "இந்த மாடலை எங்க புடிச்சீங்க? யாருங்க புள்ள?"

என் பிள்ளைங்க என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். அதைச் சொல்லியிருந்தால் அந்த மனிதர் நாக்கைக் கடித்துக்கொண்டு எழுந்து வந்து மெர்சியிடம் மன்னிப்புக் கேட்டிருப்பார், அவர் அப்படிப்பட்டவர்தான். முதலில் வந்த படம்தான் என் பிள்ளை, எங்கள் கேமரா பொய் சொல்லாது என்று அடுத்த வார்த்தையும் தானாக வந்திருக்கும். ஆனால் அந்த நொடியில் என் புத்தி எங்கே போயிற்று தெரியுமா? இவள் என் மகள் என்று தெரிந்தால் எல்லோருக்கும் சங்கடமாகிவிடும், வாங்க வந்தவர்கள் மரியாதைக்குப் பேசிவிட்டு எழுந்து போய்விடுவார்கள், கவுன்டர் போச்சு, நாலு பேர் வேலை போச்சு. இப்படித்தான் கணக்குப் போட்டது. அதற்கும் அடியில் இன்னொன்று இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன். அத்தனை பேர் குறை சொல்லிக்கொண்டிருந்த ஒன்றை என்னுடையது என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது.

"ஏஜென்சில அனுப்புனாங்க" என்றேன்.

மெர்சி தலையைத் தூக்கவில்லை.

அப்புறம் செய்ததெல்லாம் கை தானாகச் செய்தது. இஞ்சினியரிடமிருந்து கேமராவை வாங்கினேன். வெளிச்ச அளவை நன்றாக ஏற்றினேன். விளக்கையும் முன்னால் தள்ளி வைத்து எடுத்தேன். திரையில் பால் மாதிரி ஒரு பெண் வந்தாள். மூக்கு, கண் எல்லாம் மெர்சியுடையதுதான். ஆனால் யாரோ.

"இதுங்க! இதத்தான் சொன்னோம்!" என்று அண்ணன் கை தட்டினார். மண்டபம் முழுக்கத் தட்டியது. அன்றைக்கே பலர் ஆர்டர் கொடுத்தார்கள்.

பவானி அம்மா ஜமக்காளத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். நான் ஓடினேன். "இருங்க அம்மணி, இப்ப உங்களுக்கு எடுத்துக் காட்டறேன்."

"இருக்கட்டுமுங்க. பாக்கலாமுங்க" என்றார்.

நம் பக்கத்தில் பார்க்கலாமுங்க என்று ஒருவர் சிரித்த முகத்தோடு சொன்னால் முடிந்தது என்று அர்த்தம். பெற்ற பிள்ளையின் நிறத்தையே மாற்றிக் காட்டினவன் என் ஜமக்காளத்தை எங்கே விட்டுவைப்பான் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். நினைத்தது சரிதான். அவர் நேராக மேடைக்குப் போனார். "சாப்ட்டயா கண்ணு?" என்று மெர்சியைக் கேட்டார். காலையிலிருந்து நான் அதைக் கேட்கவில்லை.

இஞ்சினியர் கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, முதல் படம் தப்பா என்று கேட்டார். "நோ சார். ஃபர்ஸ்ட் போட்டோ கரெக்ட்" என்றேன். அப்புறம் ஏன் மாற்றினாய் என்றார். நான் அவருடைய பெட்டியைத் தூக்கிக் காரில் வைத்தேன்.

வண்டியில் வரும்போது மெர்சி பின்னால் உட்கார்ந்திருந்தாள். சிக்னலில் நின்றபோது சொன்னாள். "அடுத்த தடவ ஏஜென்சில நல்ல கலரா ஒரு புள்ளய அனுப்பச் சொல்லுங்கப்பா." கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. நான் பச்சை விழுவதற்கு முன்பே வண்டியை எடுத்துவிட்டேன்.

கவுன்டர் வாசலில் பெரிய ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். அந்த வெள்ளைப் படம். கீழே, "உங்கள் திருமணம், உண்மையான நிறத்தில்" என்று எழுத்து. மெர்சியின் காலேஜ் பஸ் அந்த வழியாகத்தான் போகும். பஸ்ஸில் அவள் அந்தப் பக்கத்து ஜன்னலில் உட்காருவதை விட்டுவிட்டாள் என்று உங்கள் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஃப்ளெக்ஸை எடுத்துவிடலாம் என்று சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார்களே.

சீசன் தொடங்கியதும் அவிநாசி அண்ணன் வந்தார். "ஏனுங்க, மண்டபத்துல வந்த கலர் எங்களுக்கு வரமாட்டீங்குதே. பொண்ணு இருக்கற மாதிரியே வருதுங்க!"

பொண்ணு இருக்கற மாதிரியே வருகிறது. அதைத்தான் அவர் குறையாகச் சொன்னார். அந்தக் கேமராவைச் செய்த ஆட்கள் அந்த ஒரு வார்த்தையைக் கேட்கத்தான் ராப்பகலாக வேலை செய்திருப்பார்கள். நான் வெளிச்சத்தை ஏற்றி எடுக்கச் சொல்லிக் கொடுத்தேன். கொஞ்ச நாள் கழித்து மறுபடி வந்தார். இந்த முறை உட்காரவில்லை.

"மூஞ்சி வெளுத்துச்சுங்க. கூடவே நகையும் வெளுத்துப் போச்சு. ஒட்டியாணம் அலுமினியத்துல செஞ்சாப்பல இருக்குதாம். பொண்ணு ஊட்டுக்காரங்க பவுனு எங்கடான்னு சட்டையப் புடிக்கறாங்க. உங்கள நம்பித்தானுங்க நான் நாலு பேருக்குச் சொன்னேன்."

மற்ற கம்பெனிக் கேமராக்கள் முகத்தை மட்டும் தேடிப் பிடித்துத் தாமாகவே வெளுக்கக் கற்றுக்கொண்டிருந்தன. போனும் அப்படித்தான். அந்த விளையாட்டில் எங்கள் கம்பெனிக்கு ஆட்டமே தெரியாது. அதில் கொண்டுபோய் இறக்கிவிட்டவன் நான். நிறம் நிறமாகவே வந்தால்தான் பிழைப்பு என்று இருந்தவர்கள் எத்தனை பேர்! பவானி ஜமக்காளம், திருப்பூர் பனியன், பட்டுச் சேலை. எல்லோரும் அப்போதுதான் ஆன்லைனில் விற்க ஆரம்பித்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் கையில் சரக்கோடு என் வாசலுக்கே வந்து, உங்களுக்குத் தெரிந்த அந்த ஒரே வேலையைச் செய்வீர்களா என்று கேட்டார். அவர் கண் முன்னாலேயே நான் அதைக் கெடுத்தேன்.

அடுத்த சீசன் வருவதற்குள் கவுன்டரை மூடினார்கள். உண்மையைச் சொல்லியிருந்தால் கவுன்டர் பிழைத்திருக்கும் என்று நான் சாதிக்க மாட்டேன். அந்தக் காலத்தில் அதைவிடப் பெரிய கடைகளெல்லாம் போயின. ஆனால் உண்மையான நிறம் என்று போர்டு வைத்துக்கொண்டு அதற்கே வெட்கப்பட்டவன் நான். அப்படி ஒருவன் விற்றால் எந்தப் பொருளும் நிற்காது.

மெர்சி, நீ துணிக்குப் பக்கத்தில் அந்த நிற அட்டையை வைத்து, நிறம் அப்படியே வருகிறதா என்று சரிபார்த்து, அப்புறம்தான் படம் எடுக்கிறாய். ஒரு நாள் பார்த்தேன். உன் கம்பெனிக்காரர் பளிச்சென்று இருக்கட்டும் என்றதற்கு, "அப்பறம் ரிட்டர்ன் வந்தா நீங்கதான் பாக்கோணுங்க" என்றாய். நான் வெளியே டீ குடிக்கப் போகிற மாதிரி போய்விட்டேன்.

அமல், அன்றைக்குச் சாப்பிடும்போது நீ இன்னொன்றும் சொன்னாய். "கஸ்டமர் கேக்கறதக் குடுக்கறதுதானப்பா தொழிலு?" அந்த முகத்தை வெளுக்கிற பட்டனை மேடையில் காட்டாதே என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. காட்டு. உன் சம்பளம் அதில் இருக்கிறது. ஆனால் முதலில் பட்டன் இல்லாமல் ஒரு படம் எடு. அதைத் திரையில் கொஞ்ச நேரம் விட்டு வை. யாராவது சிரித்தால், அடுத்தது என்ன பண்ணுவது என்று அவசரப்பட்டுக் கையைக் கொண்டுபோகாதே. மேடையில் நிற்கிறவர்களின் முகத்தைத் திரும்பிப் பார். அவர்கள் யார் என்று கூட்டத்தில் யாராவது கேட்டால், உனக்கு அவர்கள் யார் என்பதை மறைக்காமல் சொல். கூட்டத்தைப் பிடிக்க எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

மெர்சி, உன்னிடம் கேட்க வேண்டியதை நான் இதுவரை கேட்கவில்லை. எழுத்தில் கேட்டுத் தப்பித்துக்கொள்ளவும் கூடாது. நீ வரும்போது நேரில் கேட்கிறேன்.

ஒன்று மட்டும் உங்களுக்குத் தெரியாது. கவுன்டர் மூடிய அன்றைக்கு மற்றவர்கள் மத்தியானமே கிளம்பிவிட்டார்கள். சாவியை ஒப்படைக்க நான் மட்டும் இருந்தேன். வெளியே வந்து ஃப்ளெக்ஸைச் சட்டத்தோடு கழற்றி உள்ளே இழுத்துப் போட்டேன். பார்சல் பிரிக்கிற கத்தியை எடுத்தேன். முகத்தில் கத்தி வைக்கும்போது கை வராது என்று நினைத்தேன். சுலபமாக வந்தது. வெட்டிக்கொண்டே போனேன், ஒன்றும் தோன்றவில்லை. அது யாரோ ஒரு பெண். அதை வெட்ட எனக்கு வலிக்கவில்லை என்பது தெரிந்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு எழுந்து துண்டுகளைச் சுருட்டிக் குப்பையில் போட்டேன். வெறும் இரும்புச் சட்டத்தை வண்டியில் கட்டி எடுத்துக்கொண்டு வந்தேன். எங்கே வாங்கினீர்கள் என்று அம்மா கேட்டதற்கு, பழைய இரும்புக் கடையில் என்று சொல்லிவிட்டேன். நம் வீட்டுக்குப் பின்னால் அவரைக்கொடி ஏறியிருக்கிறதே, அந்தச் சட்டம் அதுதான்.